மிஸ்ஸிடம் கேளுங்கள்: படம் போட்டது யார்?

போன மாதம் இந்தப் பகுதியில் என் காமிக்ஸ் பெட்டியைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதிவிட்டேன். 1994 பிப்ரவரியில் ஹாலந்தா புயல் அடித்தபோது இங்கே மொரிஷியஸில், ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டுத் தகரக் கூரை ஒரு மூலையில் பிய்த்துக்கொண்டு பெட்டி முழுக்க நனைந்த கதை. சிவகாசியிலிருந்து வந்த மட்டத்தாள் புத்தகங்களைத் துணி மாதிரி கொடியில் காயப்போட்டேன், பிழைத்துக்கொண்டன. அமெரிக்காவின் பளபளத் தாள் புத்தகங்களோ பக்கத்தோடு பக்கம் ஒட்டிக் கட்டையாகிப் போயின. அவ்வளவுதான் எழுதினேன். வந்த கடிதங்களில் பாதி, "மிஸ், நீங்கள் காமிக்ஸ் படிப்பீர்களா?" என்று வாயைப் பிளந்தவை. படிப்பேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள், பெஞ்சுக்கு அடியிலிருந்து வேறு எதைப் பிடுங்கியிருப்பாள் என்று நினைக்கிறீர்கள்? மீதிப் பாதிக்கு இந்த மாதம் பதில்.

கேள்வி: மிஸ், நான் பேட்மேன் விடாமல் படிக்கிறவன். அப்பா தன் காலத்துக் காமிக்ஸைப் பற்றிப் பேசினால் ஜிம் லீ, மெக்ஃபார்லேன் என்று ஓவியர்கள் பெயராகவே சொல்கிறார். எனக்கு எழுதுகிறவர் பெயர்தான் நினைவில் இருக்கிறது. வரைகிறவர் பெயரைப் புத்தகத்தைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நட்சத்திர ஓவியர்கள் எல்லாம் எங்கே போனார்கள்? இப்போது வரைகிறவர்களுக்குத் திறமை போதவில்லையா?
– கல்லூரி மாணவர், போ பாசேன்

உங்கள் அப்பா வயதுப் பையன் ஒருவனைச் சொல்கிறேன். 1991 கடைசியில், ஆறாம் வகுப்பில், தமிழ்ப் பாடப் புத்தகத்துக்குள் வேறொரு புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். பிடுங்கினேன். லண்டனில் இருந்த மாமா கொண்டுவந்த 'எக்ஸ்-மென்' முதல் இதழ். அட்டையில் விரலிடுக்கிலிருந்து கத்தி மாதிரி நகம் நீட்டிக்கொண்டு ஒருவன். "யாருடா இது?" என்றேன். பையன் எழுந்து நின்று, கை கட்டி, மரியாதையாகச் சொன்னான்: "ஜிம் லீ, மிஸ்." ரொம்ப நாள் அந்த நகக்காரனுடைய பெயரே ஜிம் லீ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படம் வரைந்தவர் பெயர் என்று பிறகுதான் தெரிந்தது. உங்கள் அப்பா சொல்கிற காலம் அது. பதினோரு வயதுப் பிள்ளைக்கு நாயகன் பெயருக்கு முன்னால் ஓவியர் பெயர் வாயில் வந்தது.

அந்த ஒரு இதழ் 80 லட்சம் பிரதிக்கு மேல் போனது. கின்னஸில் ஏறிய கணக்கு. அதற்கு முந்தைய வருடம் டாட் மெக்ஃபார்லேன் தானே எழுதி வரைந்த 'ஸ்பைடர்-மேன்' முதல் இதழ் 25 லட்சம் அளவுக்கு விற்றது. இடையில் ராப் லைஃபெல்டின் 'எக்ஸ்-ஃபோர்ஸ்' ஏறத்தாழ 50 லட்சம். இந்தக் கணக்கைக் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் சாப்பிட வேண்டும். 'எக்ஸ்-மென்' ஐந்து விதமான அட்டையோடு வந்தது. நாளைக்கு விலை ஏறும் என்று ஒரே ஆள் அஞ்சாறு பிரதி வாங்கிப் பரணில் போட்டான். கடைக்காரர்கள் வாங்கி அடுக்கியதில் விற்காமல் கிடந்ததும் ஏராளம். ஆனாலும் அத்தனை பேரும் ஓடியது படம் போட்டவரின் பெயருக்காக. அதில் சந்தேகமில்லை.

அப்புறம்தான் வந்தது வினை. 1992இல் மெக்ஃபார்லேன், லீ, லைஃபெல்ட், மார்க் சில்வெஸ்ட்ரி, எரிக் லார்சன், ஜிம் வாலன்டினோ, வில்ஸ் போர்ட்டாசியோ என்று ஏழு ஓவியர்கள், எக்ஸ்-மென், ஸ்பைடர்-மேன் எல்லாம் வெளியிடுகிற மார்வெல் நிறுவனத்தை விட்டு வெளியே வந்து, 'இமேஜ்' என்று சொந்தக் கடை போட்டார்கள். வரைந்த பாத்திரம் தங்களுக்கே சொந்தமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. நியாயமான கோரிக்கை. சூப்பர்மேனைப் படைத்து, 1938இல் அதன் உரிமையை 130 டாலருக்கு எழுதிக்கொடுத்த சீகலையும் ஷூஸ்டரையும் யார் மறப்பார்கள்? மெக்ஃபார்லேனின் 'ஸ்பான்' முதல் இதழே 17 லட்சம் விற்றது.

இதைப் பார்த்த பழைய முதலாளிகள் ஒரு பாடம் படித்தார்கள். ஓவியர் பெயரை வளர்த்துவிட்டால் அவர் போகும்போது வாசகரையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார். ஸ்பைடர்-மேன் எங்கேயும் போக மாட்டான். ஆகவே விளம்பரத்தை ஸ்பைடர்-மேனுக்குச் செய். யாரும் இதைத் தீர்மானம் போட்டு எழுதி வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அடுத்த முப்பது வருடம் நடந்தது இதுதான். ஓவியர்கள் பக்கமும் தப்பு உண்டு. சொந்தக் கடை போட்டபின் இதழ்கள் மாதக்கணக்கில் தாமதமாகின. முன்பணம் கட்டி ஆர்டர் செய்த சின்னக் கடைகள் நொடித்துப்போயின. பரணில் போட்டவர்களும் விழித்துக்கொள்ள, சந்தையே சரிந்து 1996 டிசம்பரில் மார்வெல் திவால் மனு கொடுத்தது.

சரி, இன்னொரு காரணம் வெறும் கூட்டல் கணக்கு. நன்றாக வரைகிறவர் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் முடிப்பார். மாத இதழுக்கு 20 பக்கம். வேலை நாள் தீர்ந்தது. அதற்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் வரக்கூடாது, கை வலிக்கக்கூடாது. எழுதுகிறவர் அப்படி இல்லை, ஒரே மாதத்தில் மூன்று நான்கு தொடர் எழுதிவிடுவார். 2016இல் டிசி நிறுவனம் பேட்மேன் உட்படப் பல இதழ்களை மாதம் இரண்டு தடவை வெளியிட ஆரம்பித்தது. 40 பக்கம்! எந்த மனிதக் கையும் தாங்காது. டேவிட் ஃபின்ச் சில இதழ், மிக்கேல் ஹானின் சில இதழ், பிறகு இன்னொருவர், இன்னும் ஒருவர் என்று மாறி மாறி வரைந்தார்கள். கதை எழுதிய டாம் கிங் மட்டும் 2019இல் 85ஆவது இதழ் வரை நின்றார். நீங்கள் யார் பெயரை நினைவில் வைத்திருப்பீர்கள்? மாதத்துக்கு ஒரு முகம் மாறினால் வீட்டு வேலைக்கு வருகிற ஆளின் பெயர்கூட மனதில் நிற்காது.

அந்த இதழ்களை அஞ்சாறாகத் தைத்துத் தடிப் புத்தகமாக விற்கிற வழக்கம் வந்தது அடுத்த இடி. ஓரத்து முதுகில் இடம் குறைவு. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஆள் யார்? எழுதியவர். போட்டுவிட்டார்கள் அவர் பெயரை.

திறமை போதவில்லையா என்று கேட்டீர்கள். கோபம் வருகிறது எனக்கு. என் நண்பி ஒருத்தியின் மகன் காட்டினான், 2024 அக்டோபரில் தொடங்கிய 'அப்சல்யூட் பேட்மேன்'. நிக் டிராகோட்டா வரைந்தது. பேட்மேனைப் பீரோ மாதிரி வரைந்திருக்கிறார். தோள் பக்கத்துக்கு வெளியே போகிறது, கட்டத்துக்குள் ஆள் அடங்கவே மாட்டேன் என்கிறான். அதைத் தற்செயல் என்று நினைக்காதீர்கள். கட்டம் சின்னதாக ஆக ஆக ஆள் பெரிதாகிறான், பாருங்கள். இப்படி யோசிக்கிறவருக்குத் திறமை போதாது என்றால் என் கண்ணாடியை மாற்ற வேண்டும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் ஒரே காமிக்ஸை நாலு அட்டையில் வாங்குகிறார். உள்ளே ஒரே கதைதானே என்றால், "அட்டை வேறு ஆள் போட்டது" என்கிறார். இவருக்கு என்ன ஆயிற்று?
– பெயர் வேண்டாம், வாக்குவா

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை அம்மா, கடை வைத்திருக்கிறவர்களுக்கு நல்ல காலம். முதல் கேள்விக்காரர் தேடுகிற நட்சத்திரங்கள் உங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறார்கள். உள்ளே 20 பக்கம் வரைய ஒரு மாதம். அட்டை ஒன்று வரைய சில நாள். இரண்டாவதற்குப் பெயரும் பெரிதாக வருகிறது, அதே படத்தை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டுத் தனியாகவும் விற்கலாம். பெயர் பெற்றவர் எதைச் செய்வார்? ஆர்ட்ஜெர்ம் என்ற பெயரில் வரைகிற ஸ்டான்லி லாவைப் பாருங்கள். அட்டைக்காகவே ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், உள்ளே யார் வரைந்தார்கள் என்று கேட்பதில்லை.

கல்யாண மண்டப வாசலில் நாதஸ்வரம் பெரிய வித்வான், உள்ளே தாலி கட்டும்போது டேப் ரெக்கார்டர் என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது எனக்கு. வீட்டுக்காரரிடம் நாலில் ஒன்றையாவது திறந்து படிக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் உறையைப் பிரித்தால் விலை குறைந்துவிடும் என்பார். அப்போது என்னிடம் அனுப்புங்கள்.

கேள்வி: எங்கள் தீவில் நாங்கள் பிரெஞ்சு காமிக்ஸ் ஆல்பங்கள் படித்து வளர்ந்தவர்கள். ஓவியர் பெயர் அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும். அமெரிக்கர்களுக்கு மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை?
– வாசகி, சேந்த் ஆந்திரே, ரியூனியன்

ஓரவஞ்சனை பாதி, நாட்காட்டி பாதி. பிரெஞ்சுக்காரர்கள் 46, 48 பக்க ஆல்பத்துக்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ கொடுக்கிறார்கள். ஒருவரே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரைகிறார். கையெழுத்து மாதிரி அவர் கோடு நமக்குப் பழகிப்போகிறது. ஆஸ்டெரிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2013இலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒன்று. முதலில் எழுதியவர் ஃபெர்ரி, 2023இல் ஃபாப்காரோ வந்தார். படம் 2013இலிருந்தே திதியே கோன்ராட். எழுதுகிறவர் மாற, வரைகிறவர் நிற்கிறார். டாம் கிங் கதைக்கு நேர் தலைகீழ்.

ரொம்பவும் புகழ்ந்துவிடக் கூடாது. ஆஸ்டெரிக்ஸ் அட்டையில் இன்றும் மேலே நிற்பவை, அதை முதன்முதலில் படைத்த கோசினி, உதெர்சோ என்ற பழைய பெயர்கள்தான். கோன்ராட் வரைவதும் உதெர்சோவின் கோட்டைப் பார்த்துத்தான். அங்கேயும் பாத்திரம் பெரிய முதலாளிதான்.

உங்கள் தீவைப் பற்றி உங்களுக்கே சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. ஆனாலும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். 1986இல் ரியூனியனில் 'லெ கிரி து மார்குயா' என்று ஒரு காமிக்ஸ் பத்திரிகை ஆரம்பித்தார்கள். அதாவது பல்லியின் கூச்சல். அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்கள் அப்போலோவும் செர்ஜ் ஹூவோ-ஷாவோ-சியும். 1919இல் ஸ்பானிஷ் காய்ச்சல் கப்பலேறி ரியூனியன் வந்த கதையை ஒருவர் எழுத, இன்னொருவர் வரைந்தார். எங்கள் மொரிஷியஸ்காரர் லாவல் இங், மாக்யோ என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய ஒரு தொடருக்கு ஆல்பங்கள் வரைந்தவர். ரோஸ் ஹில் பிரெஞ்சு நிலைய நூலகத்தில் போய்க் கேளுங்கள், பிள்ளைகளே. மெட்ரோவில் வந்தால் நடக்கிற தூரம்தான்.

கேள்வி: எனக்கு எழுபது நெருங்குகிறது. அந்தக் காலத்தில் மதுரையிலிருந்து என் சித்தப்பா அனுப்பிய 'இரும்புக்கை மாயாவி' இன்றும் கண்ணில் நிற்கிறது. வரைந்தவர் ஒரு தமிழர் என்றே நம்பியிருந்தேன். என் மருமகன் இல்லை என்கிறான். யார் அவர்?
– ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர், போர்ட் லூயி

ஐயா, மருமகன் சொல்வது சரி. அவர் பெயர் ஹெசுஸ் பிளாஸ்கோ. ஸ்பெயின் தேசம், பார்சலோனாக்காரர். 1919இல் பிறந்து 1995இல் காலமானார். லண்டனில் 1962இல் தொடங்கிய 'வேலியன்ட்' என்ற வார இதழுக்காக வரைந்தார். அந்தக் கதையைத்தான் 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தன் முதல் புத்தகமாகத் தமிழில் போட்டது.

உங்களுக்குப் பெயர் தெரியாமல் போனதற்கு சித்தப்பாவும் காரணமில்லை, சிவகாசியும் காரணமில்லை. மூலத்திலேயே பெயர் கிடையாது. பிரிட்டிஷ் வார இதழ்களில் எழுதியவர், வரைந்தவர் பெயர் அச்சிடுகிற பழக்கமே அப்போது இல்லை. 1977இல் தொடங்கிய '2000 ஏடி' இதழ்தான் பிறகு அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, கொடியில் காய்ந்து பிழைத்த என் பிரதியை எடுத்தேன். ஓரமெல்லாம் பழுப்பு, சுருக்கம். மாயாவியின் உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக் கை மட்டும் தெரியும். இதை எப்படி வரைவது என்று யோசித்திருக்கிறீர்களா? இல்லாத ஆளை வரைய வேண்டும். பிளாஸ்கோ அந்தக் கையை அந்தரத்தில் தொங்கவிடுவதில்லை. மணிக்கட்டின் சாய்வைப் பார்த்தாலே தோள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, ஆள் குனிந்திருக்கிறானா, மூச்சு வாங்குகிறானா என்று தெரிகிறது. விரல் கணுக்களில் வெள்ளையாக ஒரு சின்னக் கீற்று விட்டிருக்கிறார், இரும்பு என்று அது சொல்கிறது. சுற்றிலும் அழுத்தமான கருமை. மட்டமான தாள், மங்கின மசி, எத்தனாவது கை மாறிய அச்சோ, ஆனாலும் கோடு செத்துப்போகவில்லை. நீங்கள் ஐம்பது வருடமாக ஞாபகம் வைத்திருப்பது அந்தக் கையைத்தான். மாயாவியின் முகம் நினைவிருக்கிறதா, சொல்லுங்கள் பார்ப்போம்.

தமிழர் என்று நீங்கள் நம்பியதும் இயல்புதான். நம் பத்திரிகைகளில் ஓவியர்கள் நட்சத்திரங்களாக இருந்தார்கள். 1950இல் கல்கியில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது மணியம் வரைந்த குந்தவையின் கொண்டையைத்தானே இன்றைக்கும் எல்லாரும் குந்தவை என்று நினைக்கிறார்கள்! கோபுலு, சில்பி என்று படத்தின் மூலையில் இருக்கும் கையெழுத்தைத் தேடிப் பார்த்த வீட்டில் வளர்ந்தவர் நீங்கள். எல்லா ஊரிலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டீர்கள்.

கேள்வி: எழுதியவர் பெயர் முதலில், வரைந்தவர் பெயர் இரண்டாவது. இதில் என்ன குடி முழுகிப்போயிற்று? இரண்டு பெயரும் இருக்கிறதல்லவா?
– வாசகர், கியூர்பிப்

1998இல் புது ரூபாய் நோட்டு வந்தபோது நீங்கள் இந்தத் தீவில்தான் இருந்தீர்களா? ஆங்கிலத்துக்கு அடுத்து இருந்த தமிழ் மூன்றாவது வரிக்குப் போயிற்று. எழுத்து அழியவில்லை, "இருக்கிறதல்லவா" என்று அப்போதும் சிலர் சொன்னார்கள். நம்மவர்கள் தெருவில் இறங்கினார்கள், வெளியிட்டவர்கள் நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள், மறு வருடம் வரிசையைச் சரிசெய்து புது நோட்டு வந்தது. மேற்கொண்டு நான் என்ன சொல்ல?

ஒன்று மட்டும். மூன்றாவது பெயர் ஒன்றும் இருக்கிறது, வண்ணம் தீட்டியவர். முன்பு மலிவுத் தாளில் புள்ளி புள்ளியாக வண்ணம் அச்சாகும்போது எல்லாச் சுமையும் கோட்டின் தலையில். இப்போது ஒளி, நிழல், மழை ஈரம் எல்லாம் கம்ப்யூட்டரில் வண்ணக்காரர் போடுகிறார். ஓவியரின் கோடு அதன் அடியில் கொஞ்சம் மறைவதும் உண்மைதான். அவரைப் பற்றி யாருமே எனக்குக் கடிதம் எழுதவில்லை.

கேள்வி: மகனுக்குப் பதினேழு வயது. எந்நேரமும் படம். காமிக்ஸ் ஓவியனாகத்தான் ஆவேனாம். அவன் அப்பா ஓட்டல் வேலைக்கு ஃபார்ம் வாங்கி வைத்திருக்கிறார். வீட்டில் தினம் சண்டை. நல்ல வார்த்தை சொல்லுங்கள் மிஸ்.
– தாய், ஃபிளாக்

ஓட்டல் ஃபார்மைக் கிழிக்காதீர்கள். முதல் சில வருடம் சோறு போட அது உதவும்.

இந்தத் தொழிலில் பெயர் பெற்றவர்களே பாதியில் பேனாவைக் கீழே வைக்கிறார்கள் என்பதை அவன் தெரிந்துகொள்ளட்டும். ஜிம் லீ இன்று டிசியின் தலைவர் நாற்காலியில். டேனியல் வாரன் ஜான்சன் 2023இல் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' தொடரை எழுதி வரைய ஆரம்பித்து, ஆறு இதழுக்குப் பிறகு எழுத்தை வைத்துக்கொண்டு படத்தை ஹோர்ஹே கொரோனாவிடம் கொடுத்தார். கையின் வேகம் அவ்வளவுதான், குறை சொல்ல முடியாது.

அப்புறம், தாளில் வரையச் சொல்லுங்கள். டேப்லெட் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தாளில் இருக்கிற மூலப்படம் சொத்து. மெக்ஃபார்லேன் வரைந்த ஒரு ஸ்பைடர்-மேன் அட்டையின் மூலப்படம் 2012இல் 6,57,250 டாலருக்கு ஏலம் போனது. ஜாக் கிர்பி மார்வெலுக்கு 10,000 பக்கத்துக்கு மேல் வரைந்தவர். தன் பக்கங்களைத் திருப்பித் தரச் சொல்லிப் பல வருடம் போராடி, 1987இல் அவர் கைக்கு வந்தது 2,000 அளவுதான். ஆகவே எதில் கையெழுத்துப் போட்டாலும், மூலப்படம் யாருக்கு என்ற வரியை முதலில் தேடிப் படிக்கட்டும். பிரெஞ்சில் இருந்தால் அப்பாவைப் படிக்கச் சொல்லுங்கள், ஓட்டல்காரருக்கு ஒப்பந்தம் படிக்கத் தெரியும்.

அவன் வரைந்ததில் எனக்கு ஒரு பக்கம் வேண்டும். பறக்கிற ஆள், குதிக்கிற ஆள் வேண்டாம். அதை எல்லாப் பிள்ளைகளும் வரைகிறார்கள். தைப்பூசத்தன்று காவடி தூக்கிக்கொண்டு வெயிலில் வரிசையில் நிற்கிற பத்துப் பேர். முகம் தெரிய வேண்டாம், காவடிக் கம்பைப் பிடித்திருக்கிற கைகள் மட்டும். கிழவர் கை எது, முதல் தடவை தூக்குகிற பையன் கை எது என்று எனக்குத் தெரிந்தால் போதும். பின்பக்கம் பென்சிலால் பெயரும் தேதியும் எழுதி, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, மடிக்காமல் அனுப்பச் சொல்லுங்கள். இந்தத் தடவை கூரை ஒழுகாது. போன வருடம்தான் மாற்றினோம்.